கத்தரியை எடுக்கும் முன்: மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மெடிக்கல் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், கவுன்ட்டரில் நிற்கும் பார்மசிஸ்ட் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். டி.பார்ம் முடித்து 26 வருடமாகக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். முதல் 11 வருடம் இன்னொருவர் கடையில், அப்புறம் சொந்தக் கடை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சின்னக் கடை. ஊர்ப் பெயர் வேண்டாம். என்னிடம் வாங்கிப் போகிறவர்கள் கூசிப்போவார்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ராத்திரி எட்டரைக்கு மேல் வரும் அந்த ஆளை உங்களுக்கும் தெரியும். எதிரில் வண்டியை நிறுத்துவார், இறங்க மாட்டார். கூட்டம் கலையும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் முதலில் தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார். கவுன்ட்டரில் தங்கச்சி யாராவது நின்றால் அதை வாங்கிக்கொண்டு அத்தோடு கிளம்பிவிடுவார். நாம் மட்டும் இருந்தால் குரல் இறங்கும். "அண்ணே, அந்த மாத்திரை..." விறைப்புக் குறைவுக்கான சில்டெனாஃபில்தான் அது, எந்த மாத்திரை என்று நாமும் கேட்பதில்லை. மில்லிகிராம் கணக்கில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐம்பதா, நூறா?" அவர் நூறு என்பார். பெரிய நம்பருக்குப் பெரிய பலன் என்று நினைப்பு. அட்டையில் நாலை வெட்டி, காக்கிக் கவரில் போட்டு, பில் இல்லாமல் நீட்டிவிடுவோம். அரை நிமிஷம்கூட ஆகாது. அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

நானும் வருடக்கணக்காக அப்படித்தான் விற்றேன். ஒரு ராத்திரி விற்றது மட்டும் இன்னும் மனசில் கிடக்கிறது.

அவர் எங்கள் தெருக்காரர். அறுபதை நெருங்கியவர். வீட்டுக்காரம்மாவின் சுகர் மாத்திரை மாதாமாதம் என்னிடம்தான். அவருடைய மாத்திரைகளை மட்டும் இதய டாக்டரைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வாங்கிவிடுவார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே இரண்டு நூறு கொடுத்தேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது அவர் மகன் நின்றிருந்தான். கையில் வெட்டிய அட்டைத் துண்டு. "அண்ணே, இது என்ன மாத்திரை? டாக்டர் கேட்கிறார். இதில் பேரே இல்லை."

பெயர் எப்படி இருக்கும்? பெயரும், சிவப்புக் கோடும், எக்ஸ்பயரியும் இருந்த பக்கம் என் டிராயரில் அல்லவா இருந்தது.

நடந்தது இதுதான். மாத்திரை போட்ட ராத்திரியே அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் எடுத்தால் கருவி எதையும் காட்டவில்லையாம். என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கோ பேச்சில்லை. நாலு நாள் ஐ.சி.யூ. பிழைத்துவிட்டார். இப்போது அந்தக் குடும்பம் என் கடைக்கு வருவதில்லை. எதிரில் பார்த்தால் அவர்தான் தலையைக் குனிந்துகொள்கிறார். குனிய வேண்டியது நான்.

நாம் எல்லோரும் படித்த விஷயம்தான், ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற ரசாயனம் கூடும், குழாய் தளர்ந்து விரியும். அந்த சைக்ளிக் ஜி.எம்.பி.யைக் கரைத்து வேலையை முடித்து வைப்பது பி.டி.இ.-5 என்ற நொதி. சில்டெனாஃபிலும் அதே வகை மாத்திரையான டடாலஃபிலும் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோ நைட்ரிக் ஆக்சைடை அள்ளிக் கொட்டுகிறது. ஒன்று தொட்டிக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுகிறது, இன்னொன்று தொட்டியின் அடிவாயை அடைத்துவிடுகிறது. உடம்பிலுள்ள ரத்தக் குழாயெல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். ஏற்கெனவே அடைப்பிருக்கும் இதயத்துக்கு அந்த நேரத்தில் ரத்தம் எங்கிருந்து வரும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில்டெனாஃபிலை இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனிக்காரர்கள் தேடிப் பிடித்ததே நெஞ்சுவலிக்காகத்தான். நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை, ஆனால் சோதனைக்கு வந்த ஆண்கள் வேறு ஒரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடம்தான் நைட்ரிக் ஆக்சைடு ஆராய்ச்சிக்காக மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு. டைனமைட் செய்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின்தான் எழுதிக் கொடுத்தார்கள். சரி, கதை போதும். நெஞ்சுவலிக்காகப் பிறந்த மாத்திரை நெஞ்சுவலி மாத்திரையோடு சேரவே கூடாது என்று ஆகிவிட்டது.

இப்போது என் கடையில் அந்த மாத்திரை இருக்கும் டிராயருக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் மூன்று கேள்விகள். கத்தரியைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். டாக்டர் சீட்டோடு வந்தாலும் கேட்பேன். சீட்டு எழுதிய டாக்டருக்கு இதய டாக்டர் என்ன கொடுத்திருக்கிறார் என்று தெரியாமல் இருக்கலாம். நம் ஆட்கள் ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்வதில்லை.

முதல் கேள்வி, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வீட்டிலோ பையிலோ இருக்கிறதா என்பது. "நைட்ரேட் எடுக்கிறீர்களா" என்று கேட்டுவிடாதீர்கள். இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். சார்பிட்ரேட் அட்டை ஒன்றைக் கையில் எடுத்து, "இது மாதிரி ஏதாவது?" என்று காட்டுங்கள். சார்பிட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின், அப்புறம் நாம் மறந்துபோகும் நிக்கோராண்டில். இவற்றில் எது இருந்தாலும் பேச்சே கிடையாது, விற்கக் கூடாது. "நேற்றுத்தான் போட்டேன், இன்றைக்குப் போடவில்லை" என்று சமாதானம் சொல்வார்கள். தினமும் போடும் மாத்திரையை ஒரு நாள் நிறுத்திவிட்டு இதைப் போடுவது இன்னும் பெரிய ஆபத்து. அவர் பார்க்க வேண்டியது அவருடைய இதய டாக்டரை.

இரண்டாவது கேள்வி இன்னும் சுலபம். நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏறினால் நெஞ்சு அடைக்குமா, ரொம்ப மூச்சு வாங்குமா? வேகமாக 20 நிமிஷம் நடக்க முடியுமா? முடியாது என்றால் பிரச்சினை மாத்திரையில் மட்டும் இல்லை. தாம்பத்தியமே உடம்புக்கு ஒரு வேலைதான், அதற்கு இதயம் தயாராக இல்லை என்று அர்த்தம். கிட்டத்தில் அட்டாக் வந்ததா, பக்கவாதம் வந்ததா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுவேன்.

மூன்றாவது, வேறு என்னென்ன மாத்திரை ஓடுகிறது? ஐம்பது தாண்டிய ஆண்களில் பலர் சிறுநீர் தாராளமாகப் போகாமல் டாம்சுலோசின் எடுப்பார்கள். பிரஷருக்குப் பிரசோசின் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம், அதனால் 25 மில்லிகிராமில் ஆரம்பிக்கச் சொல்வதுதான் வழக்கம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகொனசோல், எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர் எல்லாம் கல்லீரல் இந்த மாத்திரையைக் கரைப்பதைத் தடுத்துவிடும். ஐம்பது போட்டவருக்கு நூறுக்கு மேல் போட்ட மாதிரி ஆகிவிடும். 65 வயதுக்கு மேற்பட்டவர், கிட்னியோ லிவரோ மோசமானவர், இவர்களுக்கும் ஆரம்பம் 25தான். நம் கடைகளில் 25 வாங்கி வைப்பவர்கள் எத்தனை பேர்? கம்பெனி ஆள் வந்தால் நூறுக்குத்தான் ஸ்கீம் சொல்கிறார், நாமும் நூறைத்தான் அடுக்குகிறோம்.

இந்த மூன்றையும் கேட்க நாற்பது ஐம்பது வினாடி ஆகும். கேட்பது யாருக்கும் கேட்காத குரலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது. "இப்படி வாங்க சார்" என்று அங்கே கூப்பிட்டுக்கொள்வேன். முதல் தடவை சிலர் பயந்துவிடுகிறார்கள், போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதோ என்னவோ.

"கேள்வி கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் போகத்தான் செய்தார்கள். ஆனால் நின்று பதில் சொன்னவர்களைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பத்து வருடமாக மனைவியிடமோ டாக்டரிடமோ சொல்லாததை மருந்துக் கடைக்காரனிடம் மளமளவென்று சொல்கிறார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி.

மாத்திரையைக் கொடுக்கும்போதும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. "மாத்திரை வேலை செய்யல, டூப்ளிகேட் போல" என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டவர்கள். சில்டெனாஃபில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். கொழுப்புச் சாப்பாட்டுக்கு மேல் போட்டால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், பலனும் குறையும். டடாலஃபிலுக்குச் சாப்பாடு பிரச்சினையில்லை, ஒன்றரை நாள்வரை உடம்பில் வேலை செய்யும். அதனாலேயே அதன் ஆபத்தும் நீளம். இது ஆசையை வரவழைக்கும் மாத்திரையில்லை. மனசில் ஆசை இல்லாமல் போட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் தலைவலிதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. முதல் தடவை பலிக்காவிட்டால் அடுத்த ஒன்றை அப்போதே போடக் கூடாது, இன்னொரு நாள் பார்க்க வேண்டும். முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், கொஞ்ச நேரம் எல்லாம் நீலமாகத் தெரிவது, இவை வந்து போகும். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தால் வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதித்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். திடீரென்று ஒரு கண் தெரியாமல் போனாலும், காது கேட்காமல் போனாலும் அப்படித்தான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தரும் நாக்கடி மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம். 108ஐக் கூப்பிட்டு, வருகிறவரிடம் "இந்த மாத்திரை போட்டிருக்கிறேன்" என்று பெயரைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே. அதனால்தான் இப்போது நான் அட்டையை வெட்டினால் கவரின் மேல் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவிடுகிறேன். பிராண்ட் பெயர் போதாது. சுஹாக்ரா, மேன்ஃபோர்ஸ், பெனக்ரா என்று கடைக்குக் கடை வேறு பெயர், உள்ளே இருப்பது ஒரே சால்ட், அதாவது ஒரே மருந்து. ஒன்று பலிக்கவில்லை என்று அடுத்ததை வாங்கி, இரண்டையும் சேர்த்துப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கல்யாண சீசன் பையன்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வருவார்கள், மாப்பிள்ளைக்குக் கிஃப்டாம். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். மாப்பிள்ளை மட்டும் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டிருப்பார். 25 வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் குழாயில் கோளாறு இருக்காது, பயம்தான் கோளாறு. இதைப் போட்டு முதல் ராத்திரி நன்றாகப் போய்விட்டால், போடாமல் முடியாது என்ற பயம் அடுத்த ராத்திரியே வந்துவிடும். அதோடு குடியும் சேரும். அளவுக்கு மீறிக் குடித்தால் விறைப்பே வராது, இரண்டும் பிரஷரை வேறு இறக்கும். நான் அந்தப் பையன்களுக்கு விற்பதில்லை. உபதேசமும் செய்வதில்லை. மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் வாரம் யாருக்கும் சரியாக வராது தம்பி, ஒரு மாதம் கழித்தும் சரியில்லை என்றால் வந்து சொல்லு, டாக்டரிடம் அனுப்புகிறேன்" என்பேன். இதுவரை வந்தவர்கள் கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

எனக்கு உண்மையில் கவலை நாற்பதிலிருந்து அறுபது வயதுக்காரர்களைப் பற்றித்தான். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் தமனி மூன்று நாலு மில்லிமீட்டர். ஒரே ரத்தம், ஒரே கொழுப்பு, ஒரே சுகர். எந்தக் குழாய் முதலில் அடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விறைப்புக் குறைந்து இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நெஞ்சுவலி தலைகாட்டுவது டாக்டர்களுக்குத் தெரிந்த பாட்டுதான். ராத்திரி எட்டரைக்கு வந்து "அந்த மாத்திரை" கேட்பவர் தன் இதயத்தைப் பற்றிய முதல் தகவலை நம்மிடம் கொண்டு வருகிறார். நாம் அதைக் காக்கிக் கவரில் சுற்றித் திருப்பி அனுப்புகிறோம்.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். கணக்குச் சொன்னது. சுகர் இருக்கும் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் குறை எப்போதாவது வரும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வருகிறது. நல்ல திட்டம், எங்கள் வியாபாரம் குறைந்ததையும் மீறிச் சொல்கிறேன். ஆனால் வாசலில் வந்து நிற்கும் அந்தச் சகோதரியிடம் எந்த ஆண் இதைச் சொல்வார்? டாக்டரும் ஐந்து நிமிஷத்தில் காலைப் பார்ப்பார், கண்ணைப் பார்க்க அனுப்புவார், இதைக் கேட்க மாட்டார். கடைசியில் கேட்க மிஞ்சுவது நாம்தான். எங்கள் கடையில் பிரஷர் பார்க்கும் கருவியும் குளுக்கோமீட்டரும் வைத்திருக்கிறேன். போன வருடம் ஒருவர் நாலாவது தடவையாக மாத்திரை கேட்டு வந்தபோது, "சார், விரலைக் கொடுங்க" என்று ஒரு சொட்டு எடுத்தேன். 340 காட்டியது. அவருக்குச் சுகர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

நாம் கேட்காமல் விடும் இடத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்துகொள்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரைப் பாருங்கள். நரம்புத் தளர்ச்சியா, ரகசியம் காக்கப்படும், மாதம்தோறும் இன்ன தேதி இன்ன லாட்ஜில் முகாம். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று பயமுறுத்தியே பையன்களிடம் ஆயிரக்கணக்கில் கறந்துவிடுகிறார்கள். 1954ஆம் வருடத்து மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண்மைக்குறைவும் இருக்கிறது. குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம். எழுபது வருடமாக அந்தச் சுவர்களுக்கு இது தெரியவில்லை. இந்தக் கூட்டத்தை முறையாகப் படித்த சித்த மருத்துவர்களோடு சேர்த்துவிடாதீர்கள், அவர்களுக்கே இவர்களால்தான் கெட்ட பெயர். லாட்ஜ் லேகியத்தில் இருப்பது மூலிகை மட்டும்தானா என்பதும் கேள்வி. மூலிகை என்று சொல்லி விற்ற ஆண்மைக் கேப்சூல்களில் சில்டெனாஃபிலை ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. இதய நோயாளி ஒருவர், இங்கிலீஷ் மருந்து ஆபத்து என்று பயந்து இதை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கடைகளிலும் கல்லாப் பக்கத்தில் அப்படிப்பட்ட டப்பாக்கள் தொங்குகின்றன. என் கடையில் தொங்கியதை எடுத்துவிட்டேன்.

கடையில் வேலைக்கு வரும் பையன்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். ஒரு தடவை ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு சீட்டை நீட்டினார். என் கடைப் பையன் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டான். சில்டெனாஃபில் என்று எழுதியிருந்தது. நுரையீரல் ரத்தக் குழாயில் பிரஷர் கூடும் நோய்க்கு, பிறவி இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இதே மருந்தைத்தான் சின்ன அளவில் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கிறார்கள். அந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறான் என்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். இந்த மாத்திரையைப் பற்றி நாம் கவுன்ட்டரில் சிரித்துக்கொள்ளும் சிரிப்பு எங்கெல்லாம் போய் விழுகிறது பாருங்கள்.

இனி சட்டம். சில்டெனாஃபில் அட்டவணை எச் மருந்து. 1945ஆம் வருட விதிகளின்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பார்மசிஸ்ட் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015இல் வந்த பார்மசி நடைமுறை விதிகளும் சொல்கின்றன. நான் உங்களைச் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. சீட்டு இல்லாமல் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் திருப்பி அனுப்புவதிலும் விதம் இருக்கிறது. "சீட்டு இல்லாமல் தர மாட்டோம்" என்று சத்தமாகச் சொன்னால் அவர் அடுத்த கடைக்கோ, லாட்ஜுக்கோ, போனில் வரும் விளம்பரத்துக்கோ போவார். மூலைக்குக் கூப்பிட்டு மூன்று கேள்வியைக் கேட்டு, பிரஷர் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் "பிரஷர் இவ்வளவு, சுகர் இவ்வளவு, இந்தக் குறைக்காக வந்திருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் வாயைத் திறந்து சொல்லத்தான் அவருக்குக் கூச்சம். தாளை நீட்டக் கூச்சம் இருக்காது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் உங்களிடமும் ஒரு விண்ணப்பம். ரெய்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்மசிஸ்ட்டின் சர்டிஃபிகேட் சுவரில் தொங்க, ஆள் வேறு ஊரில் வேறு வேலை பார்க்கும் கடைகளை முதலில் பிடியுங்கள். கவுன்ட்டரில் படித்தவர் இல்லாவிட்டால் நான் எழுதிய மூன்று கேள்வியும் வெறும் தாள்தான். ஆனால் ரெய்டு மட்டும் போதாது. பிரிட்டனில் ஆண்கள் கூச்சத்தால் கள்ள இணையக் கடைகளில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 2017 நவம்பரில் 50 மில்லிகிராம் சில்டெனாஃபிலுக்கு மட்டும் ஒரு வழி திறந்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் கடைக்கு வந்தது. 18 வயது நிரம்பியவர், டாக்டர் சீட்டு வேண்டாம், ஆனால் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. பார்மசிஸ்ட் இதயத்தைப் பற்றியும் மற்ற மருந்துகளைப் பற்றியும் கேட்டு, சரியென்று பட்டால் தருவார், ஆறு மாதத்துக்குள் டாக்டரைப் பார்க்கச் சொல்லியும் அனுப்புவார். நியூசிலாந்தில் பயிற்சி பெற்ற பார்மசிஸ்ட்டுகளுக்கு அதற்கும் முன்பே, 2014இல் இந்த உரிமையைக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே அட்டவணையை மாற்றுவது டெல்லியின் வேலை என்று தெரியும். அதுவரைக்கும் மாநிலத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த மூன்று கேள்வியையும் தமிழில் அச்சடித்து எல்லாக் கடைக்கும் கொடுங்கள். வாடிக்கையாளர் வாயால் கேட்க வேண்டாம், விரலால் காட்டினால் போதும் என்று ஓர் அட்டை. என் சந்தேகம் ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இருக்கும் நிலையில் பிரிட்டன் மாதிரி உரிமையை நம் கையில் கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் கேள்வியைக் கேட்டுவிட்டு விற்போம்? கேட்காமலேயே "கேட்டேன்" என்று டிக் அடிப்பவர்கள்தான் அதிகம் இருப்போம் என்று நினைக்கிறேன். முதலில் கேட்கிற பழக்கம் வரட்டும், உரிமையை அப்புறம் கேட்போம்.

என் டிராயரில் ஒட்டியிருக்கும் தாள் கையால் எழுதியது, எழுத்து கொஞ்சம் கோணல்தான். வேண்டும் என்பவர்கள் வந்தால் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பேசலாம். ராத்திரி எட்டரைக்கு மேல் மட்டும் வராதீர்கள். எதிரில் வண்டியை நிறுத்திக்கொண்டு யாராவது காத்திருப்பார், நீங்கள் நின்றால் அவர் உள்ளே வரமாட்டார்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கல்காரன்